சமூகச் சேவை அலுவலகத்துக்கு முதன்முறை போகிறீர்களா? தாள்கள், பேச்சு, காத்திருப்பு பற்றி ஒரு வழிகாட்டி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து அவருடைய லாரி ஓட்டுநர் வேலை நின்றுபோனபோது, சிங்கப்பூரில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் காம்கேர் உதவி கேட்டு முதன்முறையாகச் சமூகச் சேவை அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். அந்த விண்ணப்பம் முடிவுக்கு வர ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. உதவிக் காலம் முடிந்து மறுபடி விண்ணப்பித்தபோது, அதே குடும்பம், அதே நோய், அதே வருமானம், ஆனால் ஐந்து வாரத்தில் முடிவு கைக்கு வந்துவிட்டது. முதல்முறை என் பேச்சும் நான் கொடுத்த தாள்களும் எங்கெங்கே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டன என்பதை அதற்குள் நான் அறிந்திருந்தேன்.

உதவி கேட்பவருக்கும் உதவியை மதிப்பிடுபவருக்கும் இடையே படிப்பு, வருமானம், மொழி, வளர்ந்த வீடு எனப் பல வேறுபாடுகள் இருக்கின்றன. எதிரே இருக்கும் அதிகாரி பெரும்பாலும் பட்டதாரி, மாதச் சம்பளமும் விடுப்பும் உடையவர், பல நேரங்களில் நம்மைவிட இருபது வயது இளையவர். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒரு சொல் அவர் காதில் வேறொன்றாக விழுவதற்கு இந்த இடைவெளியே போதும். பிறகு என் அடுக்குமாடியில் உள்ள சில குடும்பங்களுக்குத் துணையாகப் போய்வந்தபோதும் இதையே கண்டேன். நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முடிவு செய்யுங்கள்

அன்றாடச் செலவு, வாடகை, மின்சாரக் கட்டணம், குடியிருப்பைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்குக் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பண உதவி வேண்டுமானால் உங்கள் வட்டாரச் சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போக வேண்டும். இது சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கீழ் இயங்குகிறது. எந்த அலுவலகம் உங்களுடையது என்று தெரியாவிட்டால் 1800-222-0000 என்ற காம்கேர் எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். குடும்பத்தில் குறைந்தது ஒருவராவது சிங்கப்பூர்க் குடியுரிமை உடையவராக இருக்க வேண்டும் என்பது பொது விதி. வருமான வரம்பு அவ்வப்போது திருத்தப்படுவதால், அண்டை வீட்டார் சொல்லும் பழைய எண்ணை நம்பிப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கணவன் மனைவிச் சிக்கல், பிள்ளை வளர்ப்பு, மனச்சோர்வு, கடன் தொல்லை போன்றவற்றுக்குக் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. அங்கே சமூகப் பணியாளரைச் சந்திப்பதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனைக் கட்டணம் என்றால் அந்த மருத்துவமனையிலேயே இருக்கும் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் கேட்க வேண்டும். மருத்துவக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க நிதியான மெடிஃபண்ட் உதவிக்கும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். பள்ளிக் கட்டணம், பாடநூல், சீருடை, பள்ளி உணவு ஆகியவற்றுக்கான கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்துக்குப் பள்ளி அலுவலகத்திலேயே படிவம் கிடைக்கும்.

சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தைப் பற்றித் தனியாக ஒரு சொல். "அங்கே போனால் நம்ம ஆளுங்க யாராவது பார்த்துடுவாங்க, தேக்கா முழுக்கத் தெரிஞ்சிடும்" என்று ஓர் அக்கா என்னிடம் சொன்னார். அந்த அச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் வேலையில் இருக்கும் இந்தியர்களின் சம்பளத்திலிருந்து வருமானத்துக்கு ஏற்ப மாதம் 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முதல் 30 வெள்ளி வரை சிண்டா நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. என் கணவர் சம்பளத்திலிருந்தும் பல ஆண்டுகள் அது போயிருக்கிறது. அங்கே உதவி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்த முகம் எதிர்ப்பட்டால், வேறு அலுவலரைச் சந்திக்க விரும்புகிறேன் என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். உங்கள் செய்தியை வெளியே பேசக்கூடாது என்ற கடமை அவர்களுக்கு உண்டு.

2. தாள்களை ஒரே கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்

விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. செலவும் தாமதமும் தாள்களால்தான் வருகின்றன. ஒரு தாள் குறைந்தாலும் விண்ணப்பம் முழுமையாகாது. முழுமையான பிறகே பரிசீலனைக் காலம் ஓடத் தொடங்கும். பொதுவாகக் கேட்கப்படுபவை இவை: வீட்டில் உள்ள எல்லாருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் அல்லது மணவிலக்குத் தீர்ப்பு, வேலை செய்பவர்களின் சம்பளச் சீட்டு, மத்திய சேமநிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) சந்தா விவரம், பல மாத வங்கிக் கணக்கு அறிக்கை, மின்சார, தண்ணீர்க் கட்டண ரசீது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை அல்லது வீட்டுக் கடன் நிலுவைக் கடிதம், நகர மன்றக் கடிதம், மருத்துவ விடுப்புச் சான்று, வேலை நீக்கக் கடிதம்.

இவற்றில் சேமநிதி விவரத்தைச் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு மூலம் இலவசமாக எடுக்கலாம். வங்கி அறிக்கையையும் வங்கியின் செயலியிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கிளைக்குப் போய்ப் பழைய அறிக்கையை அச்சிட்டுக் கேட்டால் பல வங்கிகள் கட்டணம் வாங்கும். திறன்பேசி பழக்கம் இல்லாத பெரியவர்கள் சமூக மன்றத்திலும் நூலகத்திலும் இருக்கும் எஸ்ஜி டிஜிட்டல் உதவி இடங்களுக்குப் போகலாம். யாராவது "நான் எல்லாம் செய்து தருகிறேன், உங்கள் சிங்பாஸ் மறைச்சொல்லைக் கொடுங்கள்" என்றால் கொடுக்காதீர்கள், அவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. காம்கேர் பெயரைச் சொல்லி முன்பணம் கேட்டு அழைப்பு வந்தால் அது மோசடி. சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மருத்துவ அறிக்கை விஷயத்தில் நான் வீணாகப் பணம் செலவழித்தேன். கணவருடைய நிலையை விளக்க முழு மருத்துவ அறிக்கை வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டு, பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கினேன். எவ்வளவு காலம் வேலை செய்ய முடியாது என்று மருத்துவர் எழுதிய சிறு குறிப்பே போதும் என்று பின்னால் சொன்னார்கள். எந்தத் தாளுக்கும் பணம் கட்டுவதற்கு முன், "இது கட்டாயம் வேண்டுமா, இதைவிட எளிய தாள் போதுமா?" என்று அலுவலகத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் பதிவான திருமணச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தாலும் இதே கேள்வியைக் கேட்ட பிறகு மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள்.

வீட்டில் உள்ள வயதுவந்த பிள்ளைகளின் தாள்களும் கையொப்பமும் கேட்கப்படும். அடையாள அட்டையில் உங்கள் முகவரியை வைத்துக்கொண்டு வேறிடத்தில் வாழும் மகனால் பல விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. அவர் உண்மையிலேயே உங்களோடு இல்லை என்றால், முகவரியை முதலில் மாற்றச் சொல்லுங்கள்; அல்லது எப்போது போனார், பணம் தருகிறாரா என்பதை எழுத்தில் கொடுங்கள்.

3. வங்கி அறிக்கையை அதிகாரி படிக்கும் முன்பே நீங்கள் படியுங்கள்

கணக்கில் வந்த ஒவ்வொரு தொகையும் வருமானம் என்று படிக்கப்படலாம். என் முதல் விண்ணப்பம் இழுத்ததற்கு இதுவே பெரிய காரணம். என் கணவரோடு வேலை செய்த ஒருவர் இறந்தபோது, இறுதிச் சடங்குக்காக நண்பர்கள் திரட்டிய பணம் என் கணக்குக்கு வந்தது; மறுநாளே அதை அந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நம் வீடுகளில் இப்படிப் பணம் வந்துபோவது வழக்கம். மாதச் சம்பளமும் சேமிப்பும் ஒழுங்காக ஓடும் வீட்டில் வளர்ந்த ஒருவருக்கோ, உதவி கேட்கும் பெண்ணின் கணக்கில் ஒரே வாரத்தில் ஏழெட்டுப் பேரிடமிருந்து பணம் வருவது விளங்காத ஒன்றாகத் தோன்றுகிறது. அவர் கேட்டபோது நான் பதறினேன். பதறியதைப் பார்த்து அவர் இன்னும் கேட்டார்.

ஆகவே அறிக்கையை அச்சிட்டு, பெரிய தொகை ஒவ்வொன்றின் அருகிலும் பென்சிலால் எழுதிவையுங்கள்: தம்பி பள்ளிப் புத்தகத்துக்குக் கொடுத்தது, அண்டை வீட்டாருக்காக நான் வாங்கிய மளிகைப் பொருளின் பணம், இறுதிச் சடங்குக்குத் திரட்டிய பணம். எதையும் மறைக்காதீர்கள். ஊரில் இருக்கும் தாய்க்கு மாதம் 100 வெள்ளி அனுப்பினால் அதையும் சொல்லுங்கள். உங்களுக்கே போதாதபோது ஏன் அனுப்புகிறீர்கள் என்ற கேள்வி வரலாம். அது வயிற்றைச் சுடும் கேள்விதான். அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிட்டேன் என்று அளவோடு சொன்னால் போதும்.

கையில் கூலியாக வாங்கும் பணத்துக்கும் இதே விதி. சேமநிதி அறிக்கை வெறுமையாக இருப்பதால் வருமானமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். துப்புரவு வேலைக்கு நாளுக்கு எவ்வளவு, மாதம் எத்தனை நாள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக் காட்டுங்கள். பின்னால் தெரியவந்தால், அந்தச் சிறு தொகையைவிடப் பெரிதாக உங்கள் மீதுள்ள நம்பிக்கை போகும்.

4. குடும்ப நிலையை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்

உங்கள் முன் இருக்கும் அதிகாரி பெரும்பாலும் தனியாக முடிவெடுப்பதில்லை. அவர் உங்கள் கதையைப் படிவத்தில் எழுதி, நீங்கள் ஒருபோதும் சந்திக்கப்போகாத மேலதிகாரி ஒருவரின் ஒப்புதலுக்கு அனுப்புகிறார். ஆகவே அவரை உருக வைப்பதால் மட்டும் பயனில்லை. அவர் தூக்கிக்கொண்டுபோய் மற்றவரிடம் காட்டக்கூடிய சொற்களை நாம் கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு வழி திறந்தது.

ஒரே பக்கம் போதும். வீட்டில் யார் யார், வயது, நோய், வேலை. மாதம் வரும் பணம். மாதம் போகும் பணம், ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனி வரி. நிலுவை எவ்வளவு, எந்த நாளுக்குள் கட்ட வேண்டும். எந்த நாளிலிருந்து இந்த நிலை. என்ன உதவி, எத்தனை மாதத்துக்கு. கடைசி வரியை நம்மவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று அவர் கையில் விட்டுவிடுவது நமக்கு மரியாதை. படிவத்திலோ அதற்கு இடமே இல்லை. தமிழில் எழுதி, பள்ளியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லலாம். ஆனால் அந்தப் பிள்ளையை நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளராக அழைத்துப்போகாதீர்கள். அப்பாவின் கடனையும் அம்மாவின் அழுகையையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது கொடுமை.

5. தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்

நேர நியமனம் வாங்கும்போதே, தமிழ் பேசும் அலுவலர் அல்லது மொழிபெயர்ப்பு உதவி வேண்டும் என்று கேளுங்கள். மேசைக்கு முன்னால் அமர்ந்த பிறகு கேட்டால் அன்று ஆள் இல்லாமல் போகலாம். கடையிலும் பேருந்திலும் பேசுகிற ஆங்கிலம் எனக்குத் தெரியும். அதனால் சமாளித்துவிடலாம் என்று போனேன். வலியையும் வெட்கத்தையும் சொல்ல அந்த ஆங்கிலம் போதவில்லை. சுருக்கமாகப் பேசினேன், சுருக்கமாகப் பேசியது, விவரம் தர விரும்பாததுபோல் தோன்றியிருக்கிறது.

தமிழ் பேசும் அலுவலர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். மொழி ஒன்றாக இருந்தாலும் வாழ்க்கை வேறாக இருக்கலாம். "அக்கா" என்று அவர் அழைத்தாலும் விதி விதிதான். தீபாவளிக்கு முறுக்கு டப்பா ஒன்றை நான் கொண்டுபோனபோது அவர் வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். அன்பளிப்பு எதையும் பெறக்கூடாது என்ற கட்டுப்பாடு அவர்களுக்கு இருப்பதைப் பிறகே அறிந்தேன். நீங்கள் எதையும் கொண்டுபோக வேண்டாம்.

6. "சமாளிக்கிறோம்" என்று சொல்லாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

முதல் நேர்காணலில் அந்த அதிகாரி, "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டார். "ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, மேடம்" என்றேன். யார் கேட்டாலும் நாம் சொல்லும் பதில் அது. வீட்டு வறுமையைத் தெருவில் போடக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். விருந்தாளி வந்தால் அரிசிப் பானை காலியாக இருப்பதைக் காட்டாத தாய்மாருடைய பிள்ளைகள். பல வாரம் கழித்து வேறோர் அதிகாரி என் கோப்பைத் திறந்து, குடும்பம் ஓரளவு சமாளித்துவருவதாக எழுதியிருப்பதைப் படித்துக்காட்டினார். முதல் அதிகாரி பொய் எழுதவில்லை. என் மானம் சொன்னதை எழுதியிருக்கிறார்.

அதே கேள்விக்கு இரண்டாம் முறை நான் இப்படிப் பதில் சொன்னேன்: "இரண்டு மாதம் மின்சாரக் கட்டணம் கட்டவில்லை. கணவருடைய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறேன். சின்னவளுக்குப் பள்ளிக்குத் தரும் 2 வெள்ளியை வாரத்தில் இரண்டு நாள் நிறுத்திவிட்டேன். போன மாதம் எதிர்வீட்டில் 50 வெள்ளி வாங்கினேன், இன்னும் திருப்பித் தரவில்லை." நான்கு வாக்கியம், அழுகை இல்லை. அந்த அதிகாரி எழுதுவதை நிறுத்தி, மாத்திரையைப் பற்றித் திரும்பக் கேட்டார். அன்றே மருத்துவமனைச் சமூகப் பணியாளருக்குத் தகவல் அனுப்பினார். எதை விட்டுக்கொடுத்தீர்கள், எதைத் தள்ளிப்போட்டீர்கள், யாரிடம் வாங்கினீர்கள் என்ற மூன்றுக்கும் பதிலை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் கடன்முதலையிடம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்கள்.

உடையையும் நகையையும் பற்றி என்னிடம் பலர் கேட்கிறார்கள். அலுவலகத்துக்குப் போகும்போது நல்ல உடை உடுத்துவது நமக்கு மரியாதை. அதை மாற்ற வேண்டியதில்லை. தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று எனக்குச் சிலர் சொன்னார்கள். நான் கழற்றவில்லை. வேறு இனத்தைச் சேர்ந்த இளம் அதிகாரிக்கு அது சேமிப்பாக வைத்த தங்கமாகத் தெரியலாம். கண் அங்கே போனால், "இது என் திருமண அடையாளம், விற்பதில்லை" என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். மற்ற நகையை அடகு வைத்திருந்தால் அந்தச் சீட்டைக் கோப்பில் சேருங்கள்; அதைவிடத் தெளிவாக உங்கள் நிலையைச் சொல்லும் தாள் இல்லை.

7. தலையாட்டாமல் கேள்வி கேளுங்கள்

பெரிய படிப்புப் படித்தவர் பேசும்போது குறுக்கே கேட்கக்கூடாது என்ற பழக்கம் நமக்கு உண்டு. "சரி, சரி" என்று நாம் சொல்வது நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள்படும். அங்கே அது ஒப்புக்கொண்டேன் என்று பதிவாகிறது. உதவியோடு சேர்த்து நிபந்தனைகளும் வரும்: வாரம் இத்தனை வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், பயிற்சிக்குப் போக வேண்டும், பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போக வேண்டும். பக்கவாத நோயாளியைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் வேறு ஆள் இல்லாத நான், முழுநேர வேலை தேடுவதாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். தேட முடியாமல் போனபோது, ஒத்துழைக்கவில்லை என்று ஆயிற்று.

முடியாததை அங்கேயே முடியாது என்று சொல்லி, எது முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை பகுதிநேர வேலை செய்ய முடியும், அந்த நேரத்தில் அவரைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விட உதவி கிடைக்குமா?" கையொப்பம் இடும் முன் அந்தத் தாள் எதற்கு என்று கேளுங்கள். உங்கள் விவரத்தை மற்ற அமைப்புகளோடு பகிர்ந்துகொள்ளும் ஒப்புதல் பத்திரம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். எந்தெந்த அமைப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. கிளம்பும் முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அதிகாரியின் பெயர், நேரடித் தொலைபேசி அல்லது மின்னஞ்சல், இன்னும் தர வேண்டிய தாள்களின் பட்டியலும் கெடு நாளும்.

8. நேரத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

அலுவலகங்கள் வார நாள்களில், அலுவலக நேரத்தில் திறந்திருக்கும். மாதச் சம்பளக்காரருக்கு அரை நாள் விடுப்பு. நாள்கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலி இழப்பு. இந்தக் கணக்கு மேசைக்கு அந்தப் பக்கம் எப்போதும் தெரிவதில்லை. நான் ஒருமுறை சொல்லாமல் போகாதிருந்தேன். அது அக்கறையின்மையாகப் படிக்கப்பட்டது. வர முடியாவிட்டால் முதல் நாளே அழையுங்கள், "அன்று வந்தால் கூலி போகும், தொலைபேசியில் பேச முடியுமா, தாள்களை மின்னஞ்சலில் அனுப்பலாமா?" என்று கேளுங்கள். சிங்பாஸ் இருந்தால் இணையத்திலேயே விண்ணப்பம் அனுப்பி ஒரு பயணத்தைக் குறைக்கலாம். தொலைபேசி எண்ணை மாற்றினால் உடனே தெரிவியுங்கள். முன்கட்டண அட்டை தீர்ந்து அழைப்பு எடுக்க முடியாமல் போனதால் மட்டும் ஒரு மாதம் இழந்த குடும்பத்தை நான் அறிவேன்.

9. வீட்டுக்கு வந்தால்

சில நேரம் அதிகாரி வீட்டுக்கு வருவார். வாடகை வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்களுக்குக் காம்லிங்க் பிளஸ் என்ற அரசாங்கத் திட்டத்தில் ஒரு குடும்ப வழிகாட்டி தொடர்ந்து வந்து பேசுவதும் உண்டு. வீட்டை விழாவுக்குப் போல் மாற்ற வேண்டாம். கொசுவலைக்குள் பாயில் நான்கு பேர் படுக்கிறீர்கள் என்றால் அதுவே தெரியட்டும். பெரிய தொலைக்காட்சி யாரோ கொடுத்தது என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். தேநீர் கொடுங்கள், குடிக்காவிட்டால் மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

10. காத்திருக்கும் வாரங்களும், மறுப்பு வந்தால் செய்ய வேண்டியதும்

எல்லாத் தாள்களும் சேர்ந்த பிறகு முடிவு வர நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதுவரை வீட்டில் அரிசி இல்லை என்ற நிலை என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லி இடைக்கால உதவி கேளுங்கள். கேட்காதவருக்கு அது தானாக வராது. மின்சாரக் கட்டண நிறுவனத்துக்கும் நகர மன்றத்துக்கும் அழைத்து, காம்கேர் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, தவணையில் கட்டலாமா என்று கேளுங்கள். மூன்றாவது வாரம் ஒருமுறை அதிகாரிக்கு அழைத்து, ஏதாவது தாள் குறைகிறதா என்று மட்டும் விசாரியுங்கள். நாள்தோறும் அழைப்பது உதவாது.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வருமான வரம்பா, தாள் குறைவா, வேலை செய்யக்கூடியவர் வீட்டில் இருப்பதாக எண்ணினார்களா என்பது தெரிந்தால்தான் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியும். பிறகு மறுபரிசீலனை கேட்டு, புதிய தாளோ விடுபட்ட விவரமோ சேர்த்து எழுதுங்கள். பழையதையே வலுவான சொற்களில் திரும்ப எழுதினால் பலன் இருக்காது. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போவதும் ஒரு வழி. அது மாலையில், இலவசமாக நடக்கிறது. தொண்டூழியர்கள் உங்களுக்காகக் கடிதம் எழுதுவார்கள். அந்தக் கடிதம் விதியை மாற்றாது; உங்கள் கோப்பை இன்னொருவர் திறந்து பார்க்க வைக்கும். அங்கேயும் அந்த ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள், தொண்டூழியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

எந்த இடத்திலாவது உங்களிடம் அவமரியாதையாகப் பேசினால், அங்கே குரலை உயர்த்தாமல், நாள், நேரம், சொன்ன சொல் மூன்றையும் குறித்துக்கொண்டு, மேற்பார்வையாளரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். நான் கோபத்தில் பேசிவிட்டு வந்த ஒரு நாளில், பேசிய பொருள் மறந்துபோய்க் கோபம் மட்டுமே கோப்பில் மிஞ்சியது.

11. அதிகாரி மாறும்போதும் உதவிக் காலம் முடியும்போதும்

அதிகாரிகள் வேலை மாறிப் போவார்கள். எனக்கு ஓராண்டில் மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் பக்கவாதம் வந்த நாளிலிருந்து திரும்பச் சொல்லும்போது, ஆறிய புண்ணைக் கீறுவதுபோல் இருந்தது. போகிறவரிடம், அடுத்தவருக்கு முழுக் குறிப்பை ஒப்படைக்க முடியுமா, அவர் முதல் சந்திப்புக்கு முன் அதைப் படிப்பாரா என்று கேளுங்கள். நல்லவர்கள் அதைச் செய்கிறார்கள். என் இரண்டாவது அதிகாரி, புதியவரை அழைத்துவந்து என் முன்னாலேயே விவரம் சொல்லிவிட்டுப் போனார்.

குறுகிய, நடுத்தரக் கால உதவி சில மாதத்துக்குத்தான் கிடைக்கும். கடிதத்தில் முடியும் நாள் இருக்கும். அந்த நாளுக்கு ஆறு வாரம் முன்பு நாட்காட்டியில் ஒரு வட்டம் போடுங்கள். அன்று புதிய வங்கி அறிக்கை, புதிய சேமநிதி விவரம், புதிய மருத்துவக் குறிப்பு மூன்றையும் எடுத்து, பழைய ஒரு பக்கத் தாளில் மாறிய எண்களை மட்டும் திருத்தி எழுதி, அதே கோப்பில் வைத்து, நேர நியமனத்துக்கு அழையுங்கள். பழைய தாள்களை எறியாதீர்கள். அவற்றை அடியில் வையுங்கள், புதிய அதிகாரி எதையாவது கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.